ஐஸ் ஹொக்கியின் நாலாவது பாகம்

12.10.1986, ஞாயிறு

இன்று எத்தனை தரம் விழுந்தேன் என்று நான் எண்ணவில்லை. யசோதரா எண்ணியிருக்கிறாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் தயவில் ஒரு தகப்பனின் மானம் நிற்கிறது.

எல்லாம் பாவெலால் வந்தது. ஹோட்டல் குசினியில் நான் சட்டி கழுவுகிறேன், அவன் சமைக்கிறான். செக்கோஸ்லோவாக்கியாக்காரன். இந்தத் துன் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடமாம். ஞாயிறு காலையில் அவனும் ஊரார் சிலரும் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறார்கள். கோலுக்கு நிற்க ஆளில்லை. போன கிழமை சட்டிக் குவியலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நீ உங்கட நாட்டிலை என்ன விளையாடினனி?" என்றான். கிரிக்கெற் என்றேன். அதில் என்ன வேலை என்று கேட்டான். விக்கெற் கீப்பர். அவன் கிரிக்கெற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆகவே இரண்டு அடுப்புகளுக்கு நடுவே குந்தியிருந்து, கைகளை விரித்துக் காட்டினேன்.

"காணும். ஞாயிற்றுக்கிழமை வா," என்றான்.

ஐஸில் நிற்கத் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்காததுக்கு நானேன் பதில் சொல்ல?

ஒரு ஆறுதல் — அவர்களும் நன்றாக விளையாடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. வயிறு வைத்த மனிதர்கள். ஆளை ஆள் இடிக்கக் கூடாது, பக்கை உயர்த்தி அடிக்கக் கூடாது. பக் என்பது பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு றப்பர் வில்லை. சும்மா ஒரு ஆசைக்கு விளையாடுவதுதான். ஆனால் அந்தச் சும்மாவுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர், பொருளாளர், சட்டதிட்ட யாப்பு, வருடாந்தப் பொதுக்கூட்டம் எல்லாம் இருக்கிறது. மூன்று பேர் கூடினால் சங்கம் தொடங்குகிறவர்கள் உலகத்தில் யாழ்ப்பாணத்தார் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தலைவர் ரூடி, எங்கள் ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர். அவர் விளக்கினார்: நான் இந்தப் பனிக்காலம் முழுக்க விருந்தாளி. ஏப்ரல் கூட்டத்தில் என்னைச் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பார்கள். ஒருவர் எதிர்த்தாலும் இல்லை.

வீட்டில் மனிசி ஞானேஸ்வரியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டியபடி சொன்னாள்: "அகதி விண்ணப்பத்துக்குப் பேர்ண்காரன் முடிவு சொல்லட்டும் எண்டு மூண்டு வரியம் இருக்கிறம். இனி ஐஸ்காரன்ர முடிவுக்கும் இருக்கப் போறியளோ?"

ஓம். இருக்கப் போகிறேன். இந்த நாட்டில் "வா" என்று என்னை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தரம்.

19.10.1986, ஞாயிறு

ஆட்டம் முடிந்து எல்லாரும் பக்கத்து றெஸ்ரோறன்றுக்குப் போகிறார்கள். ரூடி என்னைப் பார்த்து, "நீயும் வாறியோ?" என்றார். "இல்லை இல்லை, பரவாயில்லை," என்றேன். கேட்டவுடன் ஓமென்று சொன்னால் காய்ந்து கிடந்தவன் என்றல்லவா நினைப்பார்கள். இரண்டாம் தரம் கேட்பார் என்று சப்பாத்து நூலை மெல்ல மெல்லக் கட்டினேன். ஒரு காலை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தால் உடுப்பு மாற்றும் அறையில் நானும் துடைப்பமும்தான்.

சரி. விருந்தாளிக்கு அந்த மேசையில் இடமில்லைப் போல. அங்கத்தவராகினால் இருக்கலாம்.

18.11.1986, செவ்வாய்

ரொறன்ரோவில் இருந்து ஜெகதீஸ்வரனின் கசெற் வந்தது. ஞானேஸ்வரியின் தம்பி. நான் ஹொக்கி விளையாடுகிறேன் என்று போன மாதம் பேசி அனுப்பியிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. பிறகு தானும் விளையாடுகிறானாம், வேலைத்தலத்துப் பெடியளோடு, பூங்காவில் சும்மா கிடக்கிற ஐஸில்.

"இஞ்சை சங்கமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, அத்தான். ஆரும் வரலாம். எல்லாற்ற தடியையும் நடுவிலை குவிப்பினம். ஒருத்தன் பாராமல் எடுத்து இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு எறிவான். உங்கட தடி விழுந்த பக்கம் நீங்கள். கோலுக்கு நிக்கிறவனெண்டால் கையிலை தூக்கிக்கொண்டு போவாங்கள். முடிய, உடுப்பு மாத்திற இடத்திலையே ஆளுக்கொரு பியர், பிறகு அவனவன் காரிலை ஏறிப் போயிடுவான்."

ஞானேஸ்வரி கசெற்றை நிற்பாட்டினாள். "பாத்தியளோ. கனடாவிலை வாக்கெடுப்பு இல்லை."

திரும்பப் போட்டோம். அடுத்ததாக அவன் சொன்னது: "ரண்டு வரியமா விளையாடுறன். என்ர பேர் ஒருத்தனுக்கும் தெரியாது. நீல ஜக்கெற் எண்டுதான் கூப்பிடுறாங்கள். போன மாதம் கறுப்பு ஜக்கெற் வாங்கினனான். இப்பவும் நீல ஜக்கெற்தான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கசெற்றைப் பார்த்தாள்.

30.11.1986, ஞாயிறு

நின்றேன். முழு ஆட்டமும் விழாமல் நின்றேன். யசோதராவுக்கு எண்ண வேலையில்லை.

14.12.1986, ஞாயிறு

பாவெலிடம் அவன் நாட்டில் எப்படி என்று கேட்டேன். இப்போது எனக்கு இது ஒரு ஆராய்ச்சியாகிவிட்டது. க.பொ.த. சோதனையை இரண்டு முறை எழுதியவன் செய்கிற ஆராய்ச்சி.

அவன் ஊரில் ஒரு குளம். இரண்டு சப்பாத்து வைத்தால் கோல். பழைய சஞ்சிகைகளைக் காலில் சுற்றிக் கட்டினால் காப்பு. தலைவர் யாரென்று கேட்டேன். பக் யாருடையதோ அவன்தான் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம். அவனுடைய தாய் சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது. எத்தனைக்கு எத்தனை என்ற கதையே இல்லை.

"வளர்ந்த பிறகு?"

"வளர்ந்த பிறகும் அதுதான். தாய்க்குப் பதிலாக மனிசி."

ஆக ஆட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மூச்சு வாங்கிக்கொண்டு தவறாக அடிப்பது. உள்ளே விடுகிற விதம்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். இதை எழுதி வைக்கிறேன். யாராவது பட்டம் தருவதென்றால் விலாசம் ஹோட்டல் குசினி.

எனக்கும் சில வித்தைகள் பிடிபடுகின்றன. பக் நிலத்தோடு வந்தால் கிரிக்கெற்றில் செய்கிற மாதிரி ஒரு முழங்காலைப் பதித்து, காலைப் படலைக் கதவாகச் சாத்திவிடுகிறேன். "எங்கை படிச்சனி?" என்று ரூடி கேட்டார். மானிப்பாயில் என்றேன். அதுவும் ஹொக்கிக்குப் பேர்போன இடமென்று நினைத்திருப்பார்.

11.1.1987, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யார் எழுதுவார்கள்.

பக்கத்து ஊரான ஸ்பீட்ஸில் இருந்து ஒரு ஹோட்டல் அணி வந்தது. மூன்றுக்கு மூன்று. கடைசி நிமிடம். அவர்களுடைய ஆள் ஒருவன் சட்டத்தை மறந்து பக்கை உயர்த்தி அடித்தான். நேரே என் இடது தோளுக்கு மேலால் வருகிறது. பாய்ந்தேன். பிடித்தேன் — இவ்வளவு காலத்தில் பிடித்ததில் மிக வடிவான பிடி அதுதான். ஒரு கணம் ஐஸ் இல்லை, குளிர் இல்லை, எதிரே துடுப்பாட்டக்காரன் வெளியேறிக்கொண்டிருக்கிறான்.

பக்கை வானத்துக்கு எறிந்தேன்.

பிடித்தவன் செய்கிறதுதானே. எறிந்துவிட்டு, நடுவரைப் பார்த்து விரலைத் தூக்கு என்று பெரிய குரலில் கத்தியும் இருக்கிறேன், தமிழும் இங்கிலீசும் கலந்து. நடுவர் விரலைத் தூக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். மேலே போனது கீழே வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது.

நாலுக்கு மூன்று. தோல்வி.

ஸ்பீட்ஸ்காரர்கள் ஐஸில் படுத்துச் சிரித்தார்கள். ரூடியும் சிரித்தார். பாவெல் அழுதழுது சிரித்தான். சிரிக்காதவர் ஒருவர்தான்: கெர்பர். தபால்காரர், சங்கத்தின் பொருளாளர், எனக்கு முன்னால் தற்காப்புக்கு நிற்பவர். பக்கை வலையில் இருந்து எடுத்து, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

12.1.1987, திங்கள்

ஞானேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. யசோதரா கதிரைக்கு மேல் ஏறி நடித்தே காட்டிவிட்டாள். சமைக்கும்போது தோடம்பழத்தை மேலே எறிந்து எறிந்து பிடிக்கிறார்கள் இரண்டு பேரும்.

25.1.1987, ஞாயிறு

கெர்பர் எதிர்த்து வாக்களிப்பாராம். பாவெல் சொன்னான், முகத்தைப் பாராமல், கறட் சீவிக்கொண்டு.

ஒருவர் எதிர்த்தாலும் இல்லை.

சட்டி கழுவுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கவலையோ என்று என்னையே கேட்கிறேன். கவலைதான். ஹோட்டலில் நான் பின்வாசலால் போகிற ஆள். அரசாங்கக் கந்தோர்களில் நான் ஒரு இலக்கம். ஞாயிறு காலையில் மட்டும், ஒரு பக்கத்துக் கோல் என்னுடைய பொறுப்பு. "சச்சி, பார்" என்று பத்துப் பேர் கத்துகிறார்கள். அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு பிடிக்காகவோ, கெர்பர் ஐயா? ஒரேயொரு பிடி?

3.2.1987, செவ்வாய்

ஊரிலிருந்து வருகிற செய்தி நல்லதாயில்லை. அதை இதில் எழுதப் போவதில்லை. இது ஹொக்கிக்கு.

22.2.1987, ஞாயிறு

ஒரு மாதமாக வீட்டில் பயிற்சி. யசோதரா சுருட்டிய காலுறைகளை எறிகிறாள், நான் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறேன். மேலே எறியக் கூடாது, அதுதான் பாடம். "அப்பா, வைச்சிருங்கோ. வைச்சிருங்கோ. குடுக்காதேங்கோ," என்று பொலிஸ் மாதிரி நிற்கிறாள். இன்று ஞானேஸ்வரி குசினியில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு உருளைக்கிழங்கு எறிந்தாள். அதையும் பிடித்து வைத்திருந்தேன்.

இன்றைய ஆட்டத்தில் ஏழு பக் பிடித்தேன், ஒன்றும் மேலே போகவில்லை. கெர்பரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். ஆனால் முடிந்ததும் வழமை போலத் தன் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். எல்லாரும் போனார்கள். நானும் வழமை போல வீட்டுக்கு.

8.3.1987, ஞாயிறு

நான் ஒரு விசரன்.

இன்று பாவெலுக்குப் பொறுமை போய்விட்டது. உருளைக்கிழங்குக் கதையை அவனுக்குச் சொல்லி, கெர்பர் இனியாவது மனம் மாறுவாரோ என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தான்.

"பிடியோ? அந்தப் பிடியைக் கெர்பர் தபால் குடுக்கிற வீடு வீடாச் சொல்லிச் சிரிக்கிறார். முன்னாலை சிரிச்சால் நீ வெட்கப்படுவாய் எண்டுதான் அண்டைக்குச் சிரிக்கேல்லை."

"அப்ப ஏன் எதிர்க்கிறார்?"

"நீ ஒருநாளும் எங்களோடை வந்து இருக்கிறேல்லை. விளையாடுறாய், பையைத் தூக்கிறாய், போறாய். எங்களோடை இருக்க விருப்பமில்லாத ஆளைச் சங்கத்திலை ஏன் சேர்க்க வேணும் எண்டு கேக்கிறார்."

நான் சொன்னேன்: ஒருவரும் கூப்பிடவில்லையே.

"ரூடி கூப்பிட்டவர். நீ மாட்டன் எண்டனி."

"அது சும்மா உபசாரத்துக்குச் சொன்னது. இன்னொருக்கால் கேக்க வேணும்."

"ஏன்?"

"அப்பத்தானே ஓமெண்டு சொல்லலாம்."

பாவெல் விளக்கினான். இங்கே மாட்டேன் என்றால் மாட்டேன்தானாம். திரும்பக் கேட்டால் அது வற்புறுத்தல், மரியாதைக் குறைவு. அதனால்தான் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மரியாதை தந்திருக்கிறார்கள், ஐந்து மாதமாக, ஞாயிற்றுக்கு ஞாயிறு.

"ஹொக்கிக்கு மூண்டு பாகம் ஐஸிலை," என்றான். "நாலாவது கதிரையிலை. நீ இன்னும் ஒரு ஆட்டமும் முழுசா விளையாடேல்லை."

வீட்டில் சொன்னேன். ஞானேஸ்வரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "என்னெண்டு கூப்பிடாமல் போய் இருக்கிறது?" என்றாள். அவளுக்கும் விளங்குகிறது. ஒருவர் வீட்டுப் படலையில் நின்று உள்ளே போகாமல் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிற சனம் நாங்கள்.

15.3.1987, ஞாயிறு

கடைசி ஆட்டம். வென்றோமா தோற்றோமா என்று நினைவில்லை. நான் முழுநேரமும் நாலாவது பாகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு, பத்தடி பின்னால் போனேன். றெஸ்ரோறன்ற் கதவடியில் நின்றேன். உள்ளே நீளமான மேசை, கதிரையெல்லாம் நிறைந்திருக்கிறது. ஒருவரும் "வாங்கோ" என்று சொல்லவில்லை. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. அவ்வளவு வேகமாக வருகிற பக்குக்கு முன்னால் நிற்கிறேன், ஒரு கதிரைக்கு முன்னால் நிற்க இவ்வளவு பயமோ?

கெர்பர் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. காலை நீட்டி, அடுத்த மேசைக் கதிரை ஒன்றைக் கொளுவி இழுத்து, தனக்குப் பக்கத்தில் விட்டார். மற்றவர்கள் கதை நிற்காமலே ஒதுங்கினார்கள்.

அதுதான் இவர்களுடைய வாங்கோ. காலால் சொல்கிறார்கள்.

எனக்கு அப்பிள் சாறு. நடுவில் ஃபொண்டு, சீஸ் உருகிக் கொதிக்கிற சட்டி. நீளமான முள்ளுக்கரண்டியில் பாண் துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிட வேண்டும். எனக்கு முதல் துண்டே சட்டிக்குள் விழுந்துவிட்டது. மேசை முழுக்க ஆரவாரம். கெர்பர் கரண்டியால் கோப்பையில் தட்டினார். "விழுத்தினவன் பாட வேணும். சட்டம்."

எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றுதான், எங்கள் பள்ளிக்கூடத்துக் கீதம். எட்டு வருடம் வெயிலில் நின்று பாடியது. எழுந்து, கையைக் கீழே விட்டு, நிமிர்ந்து நின்று பாடினேன். அப்படித்தான் பழக்கம். அதன் தோரணையைப் பார்த்து ரூடி எழும்பினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழும்பினார்கள். கெர்பர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து மேசைக் கிழவர் ஒருவரும் எழும்பி நின்றார். மூன்று சரணமும் முடியுமட்டும் ஒருவரும் இருக்கவில்லை, சீஸ் அடிப்பிடித்துவிட்டது.

"உங்கட தேசிய கீதமோ?" என்று கெர்பர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. பள்ளிக்கூடம். முதலாம் வகுப்பிலை இருந்து எட்டாம் வகுப்பு வரை."

கெர்பர் தொப்பியைப் போட்டார். முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். அந்த மனிதர் சிரித்தால் மேசை ஆடுகிறது. சிரித்துச் சிரித்து, "பக்கை… மேலை…" என்று தொடங்கி, முடிக்க ஏலாமல் என் முதுகில் அடித்தார். இரண்டு மாதமாக என் முன்னால் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

3.4.1987, வெள்ளி

பொதுக்கூட்டம். வாக்கெடுப்பின்போது வெளியே நிற்க வேண்டும். மேலங்கிகள் தொங்குகிற ஒடுக்கமான வழியில் நின்றேன். உள்ளே யாரோ நெடுநேரம் கதைத்தார்கள். கெர்பரின் குரல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேர்த்தது.

கதவைத் திறந்தவர் ரூடி. கையில் இருந்ததை வாசித்தார்: "கந்தையா சச்சிதானந்தன்." சச்சி இல்லை. முழுதாக, ஓரிடத்திலும் தடக்காமல். வீட்டில் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இல்லை. கெர்பர் ஒரு வசனம் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொன்னாராம்: கோல்காப்பாளர் பக்கைப் பிடித்த பின் வைத்திருக்கக் கடவர்.

ஜெகதீஸ்வரனுக்கு இன்றே கசெற் பேச வேண்டும். கனடாவில் ஒரு நிமிடத்தில் உள்ளே விடுகிறார்கள், பெயர் தெரியாது. இங்கே ஆறு மாதம் எடுத்தார்கள், தகப்பன் பெயரோடு தெரியும். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு மட்டும் இதுதான்.

8.11.1987, ஞாயிறு

இந்த வருடத்து முதல் ஆட்டம். ஒன்பதுக்கு இரண்டு, தோல்வி; அந்த ஒன்பதும் நான் விட்டவை. றெஸ்ரோறன்றுக்குப் போனால் கதவில் பூட்டு, முதலாளி விடுமுறை. பன்னிரண்டு பேரும் தெருவில் நின்றோம். "அப்ப அடுத்த ஞாயிறு," என்றார் ரூடி.

"எங்கட வீட்டை வாங்கோ," என்றேன்.

மனிசிக்குத் தெரியுமோ என்று ஒருவர் கேட்டார். போனதும் தெரியும் என்றேன். "இல்லை, பரவாயில்லை," என்றார் கெர்பர். இரண்டாம் தரம் கேட்டேன். "கஷ்டம் குடுக்கக் கூடாது," என்றார். மூன்றாம் தரம் கேட்கவில்லை, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்த ஞானேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதன் மிச்சம் இன்னும் வரவிருக்கிறது. பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். சோறு இரண்டாம் தரம் அடுப்பில் ஏறியது. கோழிக்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். கதிரை நாலுதான்; மற்றவர்கள் நிலத்தில், கட்டிலில், யசோதராவின் மேசையில். பாவெல் குசினிக்குள் புகுந்து அப்பளம் பொரித்தான்.

கெர்பர் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். முடிந்ததும் "போதும், நன்றி," என்றார். ஞானேஸ்வரி இன்னொரு அகப்பை வைத்தாள். அதையும் சாப்பிட்டு, "உண்மையாகப் போதும்," என்றார். இன்னொன்று வைத்தாள். நாலாவதுக்குப் பிறகு என் காதடியில் வந்து, "இதை எப்பிடி நிற்பாட்டுறது?" என்றார்.

குசினிக்குள் போய், "அந்தாள் வேண்டாம் எண்டது உமக்கு விளங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் எண்டது விளங்கினது," என்றாள். "சாப்பிட்ட வடிவும் விளங்கினது."

மூன்றரைக்குத்தான் எழும்பினார்கள். எனக்கு நாலுக்கு வேலை. வாசலில் சப்பாத்துக் குவியலுக்குள் தன்னுடையதைத் தேடியபடி கெர்பர் ரூடியிடம் கேட்டார், றெஸ்ரோறன்ற் எத்தனை கிழமை பூட்டு என்று. இரண்டு கிழமை என்றார் ரூடி. கெர்பர் சப்பாத்து நூலை மெல்ல மெல்லக் கட்டினார்.

"நல்லது," என்றார்.

ஞானேஸ்வரிக்கு இதை இன்னும் சொல்லவில்லை.